அத்தைக்காகக் காத்திருந்த பெயர்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது நாலு பேர். மூன்று ஆண், ஒரு பெண். நாலு பேரையும் தலையில் மீன் கூடை சுமந்துதான் வளர்த்தேன். ஒருத்தரிடம் போய்க் கை நீட்டியதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

போன வாரம் இதே பக்கத்தில், போகிற போக்கில், பெற்றது ஐந்து என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். மந்தைவெளியில் எனக்கு ரொம்ப நாள் வாடிக்கையாக இருந்த ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு போன் போட்டார். எங்கிட்ட எப்பவும் நாலுன்னுதானே சொல்லுவே என்று கேட்டார். ஆமாம், நாலு என்றுதான் சொல்லி வந்தேன். அந்த இன்னொன்றைச் சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டாமா? பெயர் இல்லாததை எப்படிச் சொல்வது?

இப்போது பெயர் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

நாலு படம், ஒரு புள்ளி

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீட்டில் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். என் கடைசிப் பிள்ளை சுமதி எதிரில் சம்மணம் போட்டு, மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். அவள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். வேளச்சேரியில் குடியிருக்கிறாள். ஞாயிறு ஆனால் மீன் குழம்புக்கு வந்துவிடுவாள்.

அப்போது அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. எங்கேயோ வெளிதேசத்தில் பெரிய டெலஸ்கோப்பில் வானத்தைப் படம் எடுத்து அனுப்புவார்களாம். கொஞ்ச நிமிஷம் விட்டு விட்டு ஒரே இடத்தை நாலு படம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வாத்தியார்களும் அந்தப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, எது நகர்கிறது என்று தேட வேண்டும். நட்சத்திரமென்றால் நாலு படத்திலும் நின்ற இடத்தில் நிற்கும். நகர்ந்தால் அது வேறு.

ஒரு மாசமாக அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கெட்டுப் போகும் என்று நானும் திட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் கை முழுக்க மீன் ரத்தம்.

“மா, இத்த பாரு. இது நவுருது.”

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஈரக் கோணிமேல் உப்பு சிந்தினாற்போல் இருந்தது. அதில் ஒரே ஒரு உப்புக் கல் மட்டும் துளித் துளியாக ஓரம் போனது. ஸ்கிரீன்மேல கொசு குந்திகினுகீது, தட்டிவிடு என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் விஷயம் பெரிசு என்று எனக்குப் பட்டது.

குறுங்கோள் என்றாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கில் கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றனவாம். அதில் இது ஒரு சின்னக் கல். நம் பக்கம் வராது, யார் தலையிலும் விழாது. தன் பாட்டுக்குச் சுற்றும். இதுவரைக்கும் மனுஷக் கண் அதைத் தனியாக அடையாளம் கண்டதில்லை. முதலில் கண்டது என் மகள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன பேர் வைக்கப் போறே என்று கேட்டேன்.

உடனே வைக்க முடியாது என்றாள். இன்னும் பல வருஷம், பல இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அது போகிற பாதை உறுதியாக வேண்டும். அதற்கப்புறம்தான் நிலையான நம்பர், அதற்கும் அப்புறம்தான் பெயர். அதுவரைக்கும் கண்ட வருஷமும் ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு எண்ணும், அவ்வளவுதான்.

“அதுக்குள்ள தொலஞ்சி பூட்டா?”

“தொலஞ்சி போறதும் உண்டுமா. திரும்பக் கிடைக்காமலே போனது எவ்ளோ கீது.”

நான் எழுந்து போய்க் கை கழுவினேன். நெத்திலி பாதி அப்படியே கிடந்தது. சுமதி அதைக் கவனிக்கவில்லை. யாருக்கோ போன் செய்து கத்திக்கொண்டிருந்தாள்.

பாலம் முழுசாக இருந்தபோது

இப்போது எங்கள் கரைக்கும் எதிர்க்கரை ஊரூர் குப்பத்துக்கும் நடுவில் அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் உடைந்த பாலம் ஒன்று நிற்கிறது. காதல் ஜோடிகள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்கிற காலத்தில் அந்தப் பாலம் உடையவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வர நினைத்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் நடந்து வந்துவிடலாம்.

அந்தக் கரையில்தான் என் நாத்தனார் கன்னியம்மாவைக் கட்டிக்கொடுத்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்காள். நல்ல கறுப்பு, நல்ல உயரம். அவள் பேசினால் மீன் ஏலமே நின்றுவிடும்.

எங்களில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறது அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. அத்தை. பிள்ளையின் அப்பனோடு கூடப்பிறந்தவள். முப்பதாம் நாள் தலைக்கு ஊற்றி, தீட்டுக் கழித்து, பிள்ளையை அத்தை மடியில் போடுவார்கள். அவள் வசம்பு வளையலைப் பிள்ளையின் கையில் மாட்டி, காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லி, விரலால் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைப்பாள். என்ன பெயர் என்று அவள் வாய் திறக்கும் வரை யாருக்கும் தெரியாது. பெற்றவள்கூட முன்னாடி ஒரு பெயரை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் தலைச்சன் பிள்ளை பெண். அது வயிற்றில் இருந்தபோது நடந்த வளைகாப்பில் வந்தது வினை. முதல் வளையல் நாத்தனார்தான் போட வேண்டும். அன்றைக்குக் கன்னியம்மா வருவதற்குக் கொஞ்சம் தாமதம். நல்ல நேரம் போகிறதே என்று என் சித்தி ஒரு ஜோடியை எடுத்து என் கையில் ஏற்றிவிட்டாள். ஏற்றுகிற நேரம் பார்த்து இவள் வாசலில் நுழைகிறாள். கொண்டுவந்த தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

பிள்ளை பிறந்தது. முப்பதாம் நாள் வந்தது. அவள் வரவில்லை.

அத்தை இல்லாமல் பேர் கிடையாது என்றாள் என் மாமியார். பெற்ற மகள்தானே, நீங்களே போய்க் கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு வயசு போதாது. அவள் தன் பிள்ளையை, அதாவது என் வீட்டுக்காரரை, அனுப்பினாள். அவர் பாலத்தைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். வரேன் என்றாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி. சாயங்காலம் வரைக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்துக்கொண்டு, பாலத்தில் உயரமாக யார் வந்தாலும் எழுந்து எழுந்து பார்த்தேன்.

அதுவரைக்கும் பாப்பா என்றே கூப்பிட்டோம். எல்லாப் பிள்ளையும் பாப்பாதான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் கட்டைவிரலில் ஒரு துணிப் பட்டை கட்டி, தேசம்மாள் பெண் குழந்தை, அதற்குக் கீழே ஒரு நம்பர் எழுதினார்கள். பேர் என்னம்மா என்று நர்ஸ் கேட்டாள். இன்னும் வைக்கவில்லை என்றேன். வைத்தவுடன் வந்து சொல், மாற்றிக்கொள்ளலாம் என்று நல்லபடியாகத்தான் சொன்னாள்.

மாற்றவில்லை. அந்தப் பட்டையோடுதான் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

பேசாத இலை

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுவோம். ஆளுக்கு ஒரு இலை. ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் கற்பூரம் காட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் சொன்னால்தான் வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. மாமனார் இலை, மாமியார் இலை, பிற்பாடு என் வீட்டுக்காரர் இலை.

ஓரமாக ஒரு சின்ன இலை போடுவேன். அதில் பால் சோறும் வாழைப்பழமும். அந்த இலைக்கு முன்னால் கற்பூரம் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். பாப்பா என்று கூப்பிட்டால் யார் வீட்டுப் பாப்பா என்று அதற்கு எப்படித் தெரியும்?

கன்னியம்மாவோடு நான் அதற்கப்புறம் பேசவில்லை. கல்யாணத்தில் பார்ப்போம், சாவில் பார்ப்போம். என் வீட்டுக்காரர் போனபோது வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. பிற்பாடு பிறந்த நாலு பிள்ளைகளுக்கும் ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தியை வைத்துப் பெயர் சொல்ல வைத்தேன். நடுவில் ஒரு வருஷம் வெள்ளத்தில் பாலமும் உடைந்துபோனது. பேசாமல் இருக்க அதுவும் ஒரு சௌகரியம்.

எனக்குத்தான் பேர் கீதே

சுமதியின் கல் தொலையவில்லை. நடுவில் ஒரு வருஷம் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்ததாம். மறுபடி கிடைத்தது. நாலைந்து வருஷத்துக்கு ஒரு சுற்றாம் அதற்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அதற்கு நிலையான நம்பர் வந்தது. இனி பெயர் வைக்கலாம், கண்டவளே பெயர் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

அன்றைக்கு வீட்டில் ஒரே கூத்து. நடு மகன் அவன் கட்சித் தலைவர் பெயரை வைக்கச் சொன்னான். அரசியல்காரர் பெயர் என்றால் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்றாள் சுமதி. அப்போ நம்ம தலைவருக்குச் சான்ஸே இல்ல, அவரு இப்போதிக்கு சாவற மாதிரி இல்ல என்றான் மூத்தவன். வஞ்சிரம்னு வை, வெல ஏறும் என்றான் சின்னவன். கண்டவள் தன் பெயரையே வைத்துக்கொள்ளவும் கூடாதாம். பதினாறு இங்கிலீஷ் எழுத்துக்குள் இருக்க வேண்டுமாம். ஏன் அந்தப் பெயர் என்று ரெண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். அதைப் பெரியவர்கள் ஒரு சபையாக இருந்து பார்த்துச் சரி என்பார்களாம்.

எல்லாரும் போன பிறகு சுமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் முடிவு பண்ணிட்டேன்மா, உன் பேருதான் என்றாள். மீன் விற்றுப் படிக்கவைத்தவள் பெயர் வானத்தில் இருக்கட்டும் என்று இங்கிலீஷில் எழுதிக்கூட வைத்திருந்தாள்.

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் சொன்னேன்.

“எனக்குத்தான் பேர் கீதே. இன்னொண்ணு எதுக்கு? இல்லாதவளுக்கு வையி.”

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தச் சின்ன இலையைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவள். அக்காவுக்கு என்ன பேர் வைக்கலாம் என்றாள். அக்கா என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அது நமக்குத் தெரியாது, அத்தையைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

சுமதி என்னை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் முகம் கொடுக்காதவள் பேசுகிற பேச்சா இது என்று நினைத்திருப்பாள். நான் என்ன செய்வேன்? நானாக ஒரு பெயர் வைத்தால் அது நான் வைத்த பெயர். பிள்ளைக்கு வந்து சேர வேண்டிய பெயர் அது ஆகாது. அது கன்னியம்மாவிடம்தான் இருந்தது.

காது எங்கே

கன்னியம்மாவின் மகனுக்குப் பெரும்பாக்கத்தில் கவர்மென்ட் வீடு ஒதுக்கியிருந்தார்கள். ஆற்றோரத்திலிருந்து அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கடல் இல்லாத இடத்தில் அவள் எப்படிக் கிடக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன்.

ஜன்னல் பக்கம் கட்டிலில் படுத்திருந்தாள். அந்த உயரமெல்லாம் எங்கே போனதோ, பிள்ளை மாதிரி சுருங்கியிருந்தாள். பட்டினப்பாக்கத்துக்காரங்க வந்துகீறாங்க என்று மருமகள் அவள் காதருகே கத்தினாள்.

“வழி தப்பி வந்துட்டியா?” என்றாள் கன்னியம்மா என்னிடம். நாக்கு மட்டும் சுருங்கவில்லை.

“வழி கேட்டுகினுதான் வந்தேன், அண்ணி.”

“இன்னா வோணும்?”

“ஒரு பேர் வோணும்.”

சுமதி போனைக் காட்டிப் படம், கல், டெலஸ்கோப் எல்லாம் பொறுமையாகச் சொன்னாள். கன்னியம்மா போனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்கா?” என்றாள்.

“அதுக்குத்தான்.”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எதிர் பிளாக்கில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வந்தது வீண் என்று நினைத்தேன். அவள் அப்படித் திரும்பியபடியே பேசினாள்.

“தம்பிய அனுப்பிச்சாங்க. எங்கம்மா வரும்னு பாத்தேன். பெத்தவ வந்து ஒரு வார்த்த கூப்டட்டும்னு குந்திகினு இருந்தேன். வசம்பு வளையலு வாங்கி முந்தானைல முடிஞ்சே வெச்சிருந்தேன், தேசம்மா. பேரும் வெச்சிருந்தேன்.”

அந்த வளையல் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சொல் அண்ணி, இப்போது சொல் என்றேன்.

“பேர சும்மா சொல்லிட முடியுமா? காதுல சொல்லணும். காதுக்கு எங்க போறது?”

சுமதி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்காது எனக்கு. எப்படியோ உட்கார்ந்தேன். முடியை ஒதுக்கிக் காதை அவள் வாய் அருகே கொடுத்தேன்.

“பெத்தவ காது இது. சொல்லு.”

புகையிலை வாசனையும் மருந்து வாசனையும் சேர்ந்து அடித்தது. அவள் மூச்சு என் காதில் சுட்டது. ஒரு தடவை சொன்னாள். ரெண்டாவது தடவை சொன்னாள். மூன்றாவது தடவை குரல் வரவில்லை, உதடு மட்டும் என் காதில் அசைந்தது. அதுவும் கணக்குத்தான்.

பிறகு மருமகளிடம் சர்க்கரைத் தண்ணீர் கலக்கச் சொன்னாள். விரலை அதில் தொட்டு என் நாக்கில் வைத்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி என்று மருமகள் தடுக்க வந்தாள். நான் டம்ளரை வாங்கி முழுசும் குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருவான்மியூர் தாண்டியது. அப்புறம் சொன்னேன்.

பூங்காவனம்.

சுமதி அதை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “வெறும் கல்லும்மா அது. காத்து கிடையாது, தண்ணி கிடையாது. அங்க பூ இன்னா பூக்கும்?”

“இங்க மட்டும் பூத்துச்சா?” என்றேன்.

இந்த ஆடியில்

பெரியவர்கள் சபை பதில் சொல்ல ரொம்ப மாதம் ஆனது. கன்னியம்மா அதுவரைக்கும் இருக்கவில்லை. மழை மாசத்தில் போய்விட்டாள். போய் முறைப்படி கோடித்துணி போட்டுவிட்டு வந்தேன். வாய்விட்டு அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் சுமதி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். பெயர் ஏறிவிட்டது. நம்பருக்குப் பக்கத்தில் அந்தப் பெயர். கீழே ரெண்டு வரி இங்கிலீஷ். பூங்காவனம், கண்டுபிடித்தவரின் மூத்த சகோதரி, பெயர் வைப்பதற்கு முன்பே மறைந்தவர், பெயரைத் தந்தவர் அத்தை கன்னியம்மாள் என்று சுமதி தமிழில் சொன்னாள்.

மொட்டை மாடிக்குப் போய் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாதும்மா, நம்ம கண்ணுக்கு எப்பவுமே தெரியாது என்றாள். பரவாயில்லை. அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

இந்த ஆடி அமாவாசைக்கு ஒரு இலை கூடுதல். மாமனாரைக் கூப்பிட்டேன், மாமியாரைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லமாட்டேன், மூத்தவன்தான் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். புதிய இலையையும் சின்ன இலையையும் ஒட்டினாற்போலப் போட்டிருந்தேன். கற்பூரம் காட்டினேன்.

“கன்னியம்மா அண்ணி, வா. பூங்காவனத்தயும் கூட்டிகினு வா.”

பால் சோற்றின்மேல் ஒரு எறும்பு ஊர்ந்தது. நான் தட்டிவிடவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் என் பேத்தி மோனிஷாதான் போனில் எழுதுகிறாள். மூத்தவன் மகள். அவள் காதில் அவள் பெயரைச் சொன்னது அவள் அத்தை சுமதி. எனக்கு எழுத்துக் கூட்டினால்தான் படிக்க வரும், போனில் எழுத்து நிற்கமாட்டேன் என்கிறது. முடிஞ்சிதா ஆயா என்று கேட்கிறாள்.

முடிஞ்சிது கண்ணு. வளத்தது நாலுன்னு எழுதினியே, அத மாத்தாத. அப்பிடியே மொதல்லருந்து படி, கேக்கறேன். பேரு வர்ற எடத்துல மட்டும் கிட்ட வந்து, என் காதாண்ட படி.